அக்காவின் ஜன்னல் என் அறையில்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பாவாக யார் வருவார் என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறேன். மகனுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நரைத்த தலையோடு மேசைமுன் அமர்ந்து எழுதுவார்கள். நான் தரையில் பாய் விரித்து, போர்வைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வீட்டில் நான்தான் கடைசி. எனக்குக் கீழே யாரும் இல்லை. நான் சொல்வதைப் பாதியில் நிறுத்தச் சொல்லாமல் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீதான், அதுவும் நீ இன்னும் வந்து சேராததால்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அப்பா பாறசாலையில் மலையாளப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அம்மா களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்தவள். அவள்தான் பைபிளை மடியில் வைத்து எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். இந்தத் தாள்கள் அவள் கையில் கிடைத்தால் முழுக்க வாசிப்பாள், கொஞ்சம் அழுவாள், பிறகு அடுப்பில் போடுவாள். அப்பாவிடம் சொல்லமாட்டாள். அம்மாவின் தைரியம் அவ்வளவுதான். என்னுடையதும் அதற்குமேல் பெரிதல்ல என்பது இதை வாசித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

விடிந்ததும் ஒரு கார் வரும். உன் பெரியம்மா ஷீபாவைத் திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவளுடைய இரண்டு கண்களையும் எடுத்துவிடப் போகிறார்கள். அந்த இடத்தில் செயற்கைக் கண் வைப்பார்கள். அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சின்ன வயதில் எந்நேரமும் விரல் முட்டியால் கண்களை அழுத்திக்கொண்டே இருப்பாளாம். அதனால் இரண்டும் உள்வாங்கிக் கிடக்கும். வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும். இரண்டும் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருக்கும். எதையும் பார்க்காத கண்ணை எடுத்தால் என்ன நஷ்டம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நஷ்டம் உண்டு என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல, உனக்கு முதலில் ஒரு ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உன் தாத்தா கொத்தனார். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அவர் கட்டிய வீடுகள் உண்டு. வீட்டுக்காரர்களிடம் அவர் எப்போதும் சொல்வது: "சாரே, சுவரு ஆரும் கெட்டலாம். வெளிச்சம் எங்கேருந்து வரணும்னு அறியணும். அதாக்கும் வேலை." இப்படிச் சொல்கிறவர்தான் போன வருஷம் எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் எனக்குப் படிக்க ஓர் அறை கட்டினார். புது அறையின் சுவர், அக்கா படுத்திருந்த அறையின் ஜன்னலை ஒட்டி வந்தது. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அக்காவின் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்தார். நல்ல அயனி மரம். இருந்த ஓட்டையைக் கல் வைத்து அடைத்துப் பூசினார். பெயர்த்த ஜன்னலை என் புது அறையில் கிழக்கு பார்த்து வைத்தார். அக்கா அறையில் பல்புகூட மாட்டவில்லை. எதற்கு மாட்ட வேண்டும்? அம்மா ஒரே ஒரு தடவை, "பிள்ளைக்குக் காத்து வேண்டாமா?" என்றாள். "காத்துக்கு மேல ரெண்டு ஓட்டை விட்டிருக்கேன். வெளிச்சத்த வச்சு அவ என்ன செய்யப்போறா?" என்றார் அப்பா. அக்காவே சிரித்தாள். "எனக்க பங்கு வெளிச்சத்தையும் நீ படிச்சுத் தீர்த்துருட்டி" என்றாள் என்னிடம். நானும் சிரித்தேன், மகனே. புது அறை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

வேலை மழைக்காலம் முழுக்க இழுத்தது. முற்றமெல்லாம் கல்லும் கம்பியும் கிடந்ததால் அக்காவை வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அந்த அறைக்குள்ளேயே கிடந்தாள். அதுவரை இந்த வீட்டில் முதலில் எழுந்து அடுப்பு பற்றவைக்கிறவள் அவள்தான். கடிகாரம் கேட்டு எழுந்தவள் அல்ல, தானாக எழுவாள். முதலில் கொஞ்சம் தாமதமாக எழுந்தாள். பிறகு இன்னும் தாமதமானது. ஒவ்வொரு நாளும் அவளுடைய தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஊர் உறங்கும்போது அவள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கட்டை போலக் கிடந்தாள். சபைப் பாடகர் குழுவில் அவள் குரலைக் கேட்கவே ஆள்கள் வருவார்கள். அவள் ஆராதனை நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். சில வாரங்கள் கழித்துத் தானாகவே சரியாவது போலிருக்கும். எல்லாரும் நிம்மதி அடைவதற்குள் மறுபடியும் நழுவத் தொடங்கும்.

போதகர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். பக்கத்து வீட்டு மாமி "காத்து கருப்பாக்கும், பாதி ராத்திரியில பெண்ணு நடக்குதது நல்லதுக்கில்ல" என்று வேலியோரம் நின்று சொன்னாள். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுவிட்டு அக்கா குளியலறையில் விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. ஒருநாள் சாயங்காலம், எங்களுக்கு அந்தி, அவளுக்கு அப்போதுதான் விடியல், என்னிடம் கேட்டாள்: "எட்டி, எனக்க உள்ள ஒரு பகலு ஓடுது. அது ஒங்க பகலோட சேரவே மாட்டேங்குது. எனக்குப் பைத்தியமாட்டி?" நான் இல்லை என்றேன். எனக்கும் சந்தேகம் இருந்தது.

அதைச் சரிசெய்தது போதகரோ மாத்திரையோ அல்ல. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அம்மா பக்கத்து ஆட்கள் வந்து இரண்டு வாரம் தங்கினார்கள். அக்காவின் அறையில் அவர்கள் பெட்டிகளை வைத்துவிட்டு, அவளை வீட்டு முன்பக்கத்துத் திறந்த சிட்அவுட்டில் படுக்க வைத்தார்கள். அவர்கள் போவதற்குள் அவள் பழையபடி ஆகிவிட்டாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்தாள், எல்லாரும் தூங்கும்போது தூங்கினாள். ஜெபம் கேட்கப்பட்டது என்று அம்மா காணிக்கை போட்டாள். "வயசுப் பெண்ணு வெளிய கிடக்கப்பிடாது" என்று அப்பா சொன்னதும் நான் அவளை என் அறைக்குக் கூட்டி வந்தேன். அவளுடைய ஜன்னலுக்குக் கீழேயே படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுடைய பகல் நழுவவே இல்லை.

எனக்கு அது விட்டுப் போகவில்லை. பார்வையில்லாதவளுக்கு ஜன்னல் என்ன செய்தது? தேடித்தேடி வாசித்தேன். எனக்குப் புரிந்ததை உனக்குச் சொல்கிறேன். கண்ணுக்குள் பார்ப்பதற்கென்று உள்ள செல்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவை தவிர வேறொரு கூட்டம் உண்டு, மிகக் கொஞ்சம். அவற்றுக்குள் மெலனாப்சின் என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது உருமாறும். அந்தச் சேதி மூளையில் பார்க்கிற இடத்துக்குப் போவதில்லை. இரண்டு கண்களின் நரம்புகளும் சேர்ந்து பக்கம் மாறிப்போகும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் கடிகாரம் இருக்கிற சின்னஞ்சிறு இடத்துக்குப் போகிறது. 'பகல் வந்துவிட்டது' என்பது மட்டும்தான் சேதி. உருவமில்லை, நிறமில்லை. அந்த மனுஷிக்கே தெரியாமல் போகிற சேதி. உடம்பின் கடிகாரம் பெரும்பாலும் ஒரு நாளைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவது. காலை வெளிச்சம் தினமும் வந்து அதைத் திருத்தி வைக்கிறது. திருத்த ஆளில்லாவிட்டால் நாள்தோறும் நழுவிக்கொண்டே போகும். பார்க்கிற செல்களெல்லாம் செத்துப்போன கண்ணிலும் இந்தக் கூட்டம் உயிரோடு இருக்கலாம். அக்காவுக்கு இருக்கிறது. அப்பா கல் வைத்து அடைத்தது அதைத்தான்.

பள்ளியில் உயிரியல் டீச்சரிடம் போய் ஆர்வமாகச் சொன்னேன். அவர் நல்லவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ளதாக இருக்கலாம் மோளே, ஆனா சிலபஸில இல்லல்லோ. பரீட்சைக்கு வராது" என்றார். அந்த வரியை நான் மறக்கவில்லை. இந்த வீட்டிலும் எனக்குக் கிடைத்த பதில் ஏறக்குறைய அதுதான்.

இந்த வருஷம் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. காரோடு என்ற ஊரில் மாவு மில் நடத்துகிறவர். முதல் மனைவி இறந்துவிட்டாள், ஒரு சின்னப் பெண்குழந்தை உண்டு. அக்காவின் பாட்டைக் கேட்டு விரும்பி வந்தார்களாம். அவருடைய அம்மா சிட்அவுட்டில் உட்கார்ந்து நேந்திரங்காய் உப்பேரியைக் கடித்துக்கொண்டே பேசினாள்: "பெண்ணு தங்கம். பாட்டு தங்கம். ஒரே ஒரு காரியம், கேட்டீளா. எனக்க பேத்தி அண்ணைக்குப் பள்ளியில ஆராதனைக்கு வந்தப்போ இவ முகத்தப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து ஒரே அழுகையும் கரச்சலும். இப்ப வேற கண்ணு வைக்குதாங்க இல்லியா? எங்க ஊரில ஒரு சார் வச்சிருக்காரு. அது பொய்க் கண்ணுன்னு ஆரும் சொல்லமாட்டாங்க." அக்கா பக்கத்திலேயே தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போன பிறகு, அந்தப் பேசாமையைத்தான் அப்பா நல்ல குணம் என்றார்.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். "அப்பா, கண்ணை எடுக்கக்கூடாது. அது வேலை செய்யுது" என்றேன். அப்பா சாரத்தில் ஏறி இறங்கித் தேய்ந்த முதுகைத் தூணில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜன்னல், சிட்அவுட், நழுவிய தூக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் எழுந்து உள்ளே போனார். பெரிய டார்ச்சோடு திரும்பி வந்து, அக்காவின் முகத்தை நிமிர்த்தி நேராகக் கண்ணில் அடித்தார்.

"தெரியுதா மக்கா?"

"இல்லப்பா."

"இப்ப?"

"இல்ல."

டார்ச்சை அணைத்துவிட்டும் கேட்டார். அதற்கும் "இல்ல" என்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார். "கேட்டியாட்டி? கண்ணுக்கு ஒடமக்காரி சொல்லுதா, இல்லன்னு. நீ ஆருக்கு வக்கீலு?"

ஆனால் நான் பார்த்தேன், மகனே. டார்ச் அடித்தபோது வெள்ளை படராத இடது கண்ணின் நடுக்கறுப்பு மெதுவாகச் சுருங்கியது. அணைத்ததும் மெதுவாக விரிந்தது. அக்காவின் வாய் இல்லை என்று சொன்ன அதே நேரத்தில் அவள் கண் ஆமாம் என்று சொன்னது. "இன்னொரு தடவ அடிங்கப்பா, இஞ்ச பாருங்க" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். "ஆயுசு முழுக்க வீடு கெட்டினவன் நான். வேலை செய்யாத ஜன்னலு சுவரில ஒரு ஓட்டையாக்கும். எடுத்துட்டுப் புதுசு வச்சா வீட்டுக்கு அழகு. இனி ஒரு தடவ வாய் தொறந்தா ஒனக்க புத்தகத்த எல்லாம் கெட்டி வச்சிருவேன். அடுத்த கல்யாணம் ஒனக்காக்கும்." அப்பா சும்மா மிரட்டுகிறவர் அல்ல. சித்தப்பா மகளின் படிப்பை நிறுத்தச் சொல்லி, நிறுத்த வைத்தவர் அவர்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் அப்பாவைத் திட்டி நான்கு வரி எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். "எனக்கு என்ன இவ கண்ணோட விரோதமா? நான் போனா இவள ஆரு பாக்குதது? ஒனக்க அம்மாவா? அவளையே ஆராவது பாக்கணும். நீ பாப்பியா? சொல்லு. நீ பாப்பேன்னு ஒரு வாக்கு சொல்லு, நான் நாளைக்கே காரோட்டுக்காரங்களுக்கு வேண்டாம்னு ஆள் விடுதேன்."

நான் பேசவில்லை.

எனக்கு ஊரைவிட்டுப் போக வேண்டும். படிக்க வேண்டும், ஹாஸ்டலில் இருக்க வேண்டும், இந்த வீட்டின் இருமல் சத்தம் கேட்காத ஓர் இடத்தில் தூங்க வேண்டும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன். என் மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரியாது. கண் தெரிந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கண் தெரியாத அக்கா கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள், அக்காவின் கையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று. டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். வலி இல்லாத கண்ணை வெறும் அழகுக்காக எடுப்பதில் தனக்கு விருப்பமில்லை, வலி உண்டா என்று கேட்டார். அப்பா உடனே, "நல்ல வேதனை உண்டு டாக்டரே. போன வருஷம் ராத்திரி ராத்திரியா உறங்காம வீடு முழுக்க நடந்தா. வீட்டில எல்லாருக்கும் அறியலாம்" என்றார். தான் ஜன்னலை அடைத்ததால் வந்த தூக்கமின்மையையே கண்வலிக்குச் சாட்சியாகக் கொண்டு வந்து நிறுத்தினார். அவர் பொய் சொன்னாரா என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார் என்று நினைக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் அவருக்கு வெட்கமாவது வரும்.

"வலி இல்ல டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அது வலியில்ல, ஜன்னல்..." என்று தொடங்கினேன். ஜன்னலா என்று டாக்டர் நிமிர்ந்தார். மெலனாப்சின் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். நான் அதை நூறு தடவை வாசித்தவள். அந்த நேரத்தில் அப்பாவின் கை மேசைமேல் மெதுவாக மூடியதைப் பார்த்தேன். சொல் போய்விட்டது. டாக்டர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் கேட்டார்: "ஷீபா பறயூ. வலி உண்டோ?"

அக்கா முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பினாள். என் மூச்சைக் கேட்டுத்தான் திருப்பியிருக்க வேண்டும்.

"உண்டு டாக்டர்" என்றாள்.

"நீ வெளிய போட்டி" என்றார் அப்பா. நான் போனேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். கத்தியிருக்கலாம். போனேன்.

அடுத்த நாள் துணி துவைக்கிற கல்லருகே அவளைப் பிடித்தேன். அவள் கொடியில் ஈரத்துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் அப்பிடிச் சொன்ன? ஒனக்கு எண்ணைக்காவது வலிச்சிருக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"வலி இல்லன்னு சொன்னா கண்ணு இருக்கும். நான் எங்க இருப்பேன்?" என்றாள். ஓரங்களை விரலால் தேடிச் சேர்த்து அப்பாவின் சட்டையைக் கொடியில் போட்டாள். "நீ வெளிய போன பிறகு டாக்டரு இன்னொண்ணு சொன்னாரு. கண்ண எடுக்காம, மேல பொய்க் கண்ணு ஒரு ஓடு மாதிரி போடலாமாம். ராத்திரி கழட்டி வைக்கணுமாம். ராத்திரிதானட்டி அந்தக் குழந்தை எனக்க பக்கத்தில படுக்கும்? காலைல எழும்பி எனக்க முகத்தத்தானே முதல்ல பாக்கும்?"

"அக்கா, கண்ண எடுத்தா அந்த அடைச்ச ரூமில ஒன்னப் போட்டுப் பூட்டின மாதிரி. சாவுத வரைக்கும். எந்த ஜன்னலும் ஒதவாது. ஊரு ஒறங்கும்போ நீ முழிச்சுக் கெடப்ப."

"கெடப்பேன். அங்க பக்கத்தில ஆள் உண்டு இல்லியா? இஞ்ச முழிச்சுக் கெடந்தப்போ ஆரு இருந்தா?" வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்து உதறினாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், "அப்பா அண்ணைக்குக் கேட்டாரே, நீ பாப்பியான்னு. நீ ஒண்ணும் மிண்டல்ல. நான் குத்தம் சொல்லல்ல மக்கா. நீ போய்ப் படி" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய இடம். என்னிடம் அதிகம் இல்லை. இது குடும்பத்தில் வருகிற நோய் என்று டாக்டர் சொன்னார். அப்பா அம்மாவைச் சொந்தத்தில் கட்டியவர். நான் பார்க்கிறேன், ஆனாலும் என்னுள்ளும் அது ஒளிந்திருக்கலாம். நீயும் அக்காவைப் போலப் பிறக்கலாம். அப்படியானால் இதை நான்தான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். எந்த இடத்தில் என் குரல் இறங்குகிறது என்று கவனித்துக் கேள். நான் விட்டுவிட்டு வாசித்தால் உனக்குத் தெரிந்துவிடும், உன் பெரியம்மாவுக்குத் தெரிவதுபோல. நீ பார்வையோடு பிறந்தால் ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் வீட்டில் யாராவது ஒருவருக்கு எது தேவையில்லை என்று மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து சுலபமாக முடிவு செய்தால், சந்தேகப்படு. அன்பாகச் செய்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படு. உன் தாத்தா கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பாட்டுப் பயிற்சிக்குக் கொண்டுபோனவர். ஜன்னலைப் பெயர்த்த அன்றும் கொண்டுபோனார்.

அப்பாவின் குரலைக் கேட்டால் பயமாக இருக்கிறது. அம்மாவைப் போல ஆகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. நாளைக்குக் காரில் நானும் ஏறுவேன். டாக்டரிடம் மறுபடியும் பேச முடியும், இந்த முறை அந்தச் சொல்லை உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அக்கா மறுபடியும் உண்டு என்று சொல்வாள். அவளை இல்லை என்று சொல்ல வைக்கிற வார்த்தை மெலனாப்சின் அல்ல. 'அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொன்னால் கார் திரும்பிவிடும். இவ்வளவு நேரமாக உனக்கு இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்தேன். என் ஹாஸ்டலும் புத்தகங்களும் குறுக்கே வந்து நிற்கின்றன. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வழக்கமாக அவள் தரையில்தான் படுப்பாள். இன்றைக்கு வற்புறுத்தி என் கட்டிலில் ஜன்னலோரம் படுக்க வைத்தேன். திரையை ஒரு பக்கமாகச் சுருட்டிக் கட்டிவிட்டேன். செல்போன் டார்ச்சில் சிவப்புக் கைக்குட்டையைச் சுற்றி வைத்துத்தான் எழுதுகிறேன். சிவப்பு வெளிச்சம் அந்த மூலக்கூறை அதிகம் தொடாது என்று வாசித்திருக்கிறேன். கடைசி இரவில் அவள் கண்களிடம் யாரும் பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஏற்கெனவே அவற்றைப் பற்றி எல்லாரும் போதுமான அளவு பொய் சொல்லிவிட்டோம்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலைவிளக்கோடு மேட்டில் ஏறிப் போய்விட்டார்கள். அயனி மரச் சட்டத்தின் ஓரம் தெரியத் தொடங்கிவிட்டது. முதலில் வெறும் சாம்பல் நிறம், இப்போது கொஞ்சம் நீலம். கோழிகூட இன்னும் கூவவில்லை. அம்மா எழவில்லை. அப்பா குறட்டை விடுகிறார். வெளிச்சம் கட்டிலுக்கு வந்து, அக்காவின் நெற்றித் தையல் தழும்புமேல் ஏறி, மூடிய இமைகள்மேல் நின்றது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புரண்டாள். கையை நீட்டி ஜன்னல் கம்பியைத் தொட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, முடியை அள்ளிக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"நேரம் வெளுத்தாச்சு, இல்லியாட்டி?"

யாரும் அவளை எழுப்பவில்லை, மகனே.